ஏரி காத்தவர் யார்?

மதுராந்தகம் ஏரிக்கரையை அடுத்து ஒரு கோயில் இருக்கிறது. அங்குள்ள மூலவருக்கு 'ஏரி காத்த இராமர்' என்று பெயர். அப்பெயர் வந்த விதத்தைக் கூறும் கதை வருமாறு: கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராயிருந்த செங்கற்பட்டுச் சீமைக்கு லயனல் பிளேஸ் என்னும் வெள்ளையர் கலெக்டராக வந்தார். மதுராந்தகம் ஏரியோ பெருமழை பெய்யுந்தோறும் கரையுடைந்து சுற்றுப்புறத்தைப் பாழாக்கி வந்தது. துரை கரையைச் செப்பனிட்டார். அடுத்த மழைக்காலத்தில் ஏரி விளிம்பு தட்டி நின்ற ஓர் இரவில், கரை என்னவாயிற்றோ என்று பார்க்கப் போனார். அங்கே வில்லேந்திய வீரர் இருவர் கரைமீது காவல் புரிந்து உலாவக் கண்டாராம். அவர்களே இராமலக்குமணர் என்றுணர்ந்து மண்டியிட்டாராம். கரை உடையவில்லை. அதற்குக் காணிக்கையாகத் தாயார் சந்நிதியைக் கட்டுவித்தாராம். கோயிலில் அவர் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றுமுண்டு.

இக்கதையில் பிளேஸ் துரை மெய்யானவர். 1794 முதல் 1798 வரை அவர் அச்சீமையை ஆண்டதும், இடிந்து தூர்ந்து கிடந்த ஏரிகள் பலவற்றைப் பழுது பார்ப்பித்ததும் வரலாறு. ஆயின் நம் சிந்தனைக்கு உரியது வேறொன்று. கதையில் துரைக்கு இடமிருக்கிறது; தெய்வத்துக்கு இடமிருக்கிறது; தாயாருக்குச் சந்நிதியும் இருக்கிறது. கூடை கூடையாக மண் சுமந்து கரையை உயர்த்தியவனுக்கும், அவனோடு சேர்ந்து சுமந்த அவன் மனைவிக்கும் மட்டும் அங்கே இடமில்லை. ஏரி காத்தவர் யார் என்று கேட்டால் கோயில் ஒரு விடை சொல்லுகிறது. வரலாறு சொல்லும் விடை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜொகூரில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதை ஆராய்ச்சியன்று. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் செகாமட்டையும் கோத்தா திங்கியையும் மூழ்கடித்த வெள்ளத்தால் இம்மாநிலத்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு துறந்து முகாம்களில் தங்கினர். 2023 மார்ச் மாதத்தில் மறுபடியும் வெள்ளம் வந்து, நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இடம் பெயர்ந்தனர். பத்து பகாட் வட்டாரத்தில் நீர் வடியப் பல நாட்கள் சென்றன. இவை ஆறு பெருகி வந்த பேரிடர்கள். இவையல்லாமல், மாலையில் ஒரு மணி நேரம் மழை பெய்தாலே தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கும் தாமான்கள் நம் பட்டணங்களில் எத்தனையோ உள்ளன. அங்கெல்லாம் பாத்திரம் பண்டங்களைக் கட்டிலின்மேல் ஏற்றிவிட்டு, வானத்தைப் பார்த்து வேண்டிக்கொள்வதோடு நம் முயற்சி முடிந்துவிடுகிறது.

நீரை நிறுத்தும் கலை

வெள்ளம் என்பது ஒரே சமயத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும் மழை நீரே. பெய்த நீர் அனைத்தும் விரைந்தோடி ஒரு தாழ்ந்த இடத்தில் கூடினால் அழிவு. அதே நீர் ஆயிரம் இடங்களில் சற்றுச் சற்றுத் தங்கி, பையப் பைய வந்தால் அழிவில்லை. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டு ஏரிகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காட்டி நிற்கின்றன.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி கண்மாய்கள் உள. இவற்றில் பெரும்பாலானவை தனித்து நிற்பவை அல்ல. மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிச் சங்கிலி போல் தொடுக்கப்பட்டவை. மேலூர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலிங்கு வழியாகக் கீழூர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழுள்ளதற்குப் போகும். பாசனத்துக்கு வேண்டியதை மதகு விடும். கோடையில் வற்றிய ஏரி ஐப்பசி கார்த்திகை மழையை வாங்கிக்கொள்ள வயிறு காலியாக நிற்கும். வறட்சிக்காகக் கட்டிய ஏரியே இவ்வாறு வெள்ளத்துக்கும் அணையாயிற்று.

இந்தச் சங்கிலியில் ஒரு நீதியும் அடங்கியிருக்கிறது. மேலூரான் தன் கரையைக் கவனியாமல் விட்டால் கெடுவது கீழூரான். 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதியில் ஏரிகள் உடைந்து பாலாற்றில் வெள்ளம் புரண்டது. நெடுந்தூரம் தள்ளியிருந்த வாணியம்பாடி அதில் சிதைந்தது. ஒருவன் வேலியைப் போல் ஒருவன் ஏரியைத் தனியே வைத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. நீரைக் காக்கும் வேலை இயல்பிலேயே பொதுவேலை.

அவ்வாறாயின் அந்தப் 'பொது'வில் யார் யார் அடங்கினர்? இங்கேதான் நம் பழம்பெருமை தலை குனிய வேண்டியிருக்கிறது.

வாரியத்தின் வாயிற்படி

நம் பேச்சாளர்கள் மேடையேறினால் உத்தரமேரூரைச் சொல்லாமல் இறங்கமாட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அவ்வூரின் குடவோலைத் தேர்தலை விரித்துரைக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்து வாரியங்கள் அமைத்தனர். அவற்றுள் ஏரி வாரியம் ஒன்று; அதற்கு உறுப்பினர் அறுவர். வைரமேக தடாகம் என்னும் பேரேரியைப் பாதுகாப்பது அவர் பொறுப்பு. ஓராண்டுக் காலமே பதவி; கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் மறுபடியும் இடமில்லை. இவ்வளவும் மெச்சத்தக்கதே. கணக்குக் காட்டாத சங்கத் தலைவர்களை அறிந்த நாம் இதனை இருமுறை மெச்சலாம்.

ஆனால் அதே கல்லில் தகுதிகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவனாயிருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குக் கீழ். வேத மந்திரமும் பிராமணமும் கற்றிருக்க வேண்டும். வேதமும் பாஷியமும் ஓதியவனுக்கு நிலத்தில் சலுகை உண்டு. ஊரே பிராமணர்க்கு விடப்பட்ட பிரமதேயம். ஏரியில் இறங்கித் தூர் வாரிய கூலியாளுக்கு நிலமுமில்லை, மனையுமில்லை, வேதத்தைச் செவியால் கேட்கவும் உரிமையில்லை. அவன் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் எவ்வாறு விழும்? பெண்ணின் பெயரோ நினைக்கவும்படவில்லை. ஏரி வாரியத்தின் வாயிற்படி ஏரிக்கரையைவிட உயரமாயிருந்தது.

ஊர்தோறும் இதே முறைதான். மண் வெட்டுவதையே குலத்தொழிலாக விதிக்கப்பட்ட ஒட்டர் ஏரி ஏரியாகக் குடிபெயர்ந்து கரை எழுப்பினர். பெருமழை இரவில் மதகைத் திறந்து மூடி, வயல் வயலாக நீரைப் பங்கிட்டு விட்டவர் நீர்க்கட்டி எனப்பட்டார். பல ஊர்களில் அவ்வேலை சேரியிலிருந்தவர்மேல் பரம்பரையாகச் சுமத்தப்பட்டது. எந்த மடையில் எவ்வளவு நீர் போகும், எந்த இடத்தில் கரை கசியும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் ஊரில் ஒருவருமில்லை. அதே மனிதர் ஊர்க்குளத்தில் குடம் நிரப்பினால் குளம் தீட்டாகிவிடும் என்றார்கள். தொட்டுத் தோண்டினால் தீட்டில்லாத குளம், தொட்டுக் குடித்தால் தீட்டாகிவிடும் விந்தையைப் பகுத்தறிவு எப்படி ஏற்கும்?

இந்த விந்தையை வெட்டவெளிச்சமாக்கியவர் டாக்டர் அம்பேத்கர். பொதுக் குளங்களும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோர்க்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923-ல் தீர்மானம் செய்தது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. குளம் பூட்டியபடியே இருந்தது. 1927 மார்ச்சு 20-ம் நாள் மகாடு நகரத்துச் சவுதார் குளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் அணிவகுத்துச் சென்றனர். அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகினார். வைதிகர் கலகம் விளைத்து அவர்களை அடித்தனர். பின்பு சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த குடங்களைக் கவிழ்த்துக் குளத்தைச் 'சுத்தி' செய்தனர். வழக்கு பத்தாண்டு நடந்து, 1937-ல் பம்பாய் ஹைகோர்ட்டு தாழ்த்தப்பட்டோர் பக்கம் தீர்ப்பளித்தது. குளத்தில் ஒரு கை நீர் அள்ளுவதற்கு இத்தனை பாடு.

குடிமராமத்து

ஏரிகளை ஊரார் கூடிச் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். இதனைத் தன்னார்வத் தொண்டென்று புகழ்வது இன்று வழக்கமாயிருக்கிறது. வரலாறோ அவ்வளவு இனிப்பாக இல்லை. பழைய நாளில் ஏரிப் பராமரிப்புக்கென்று மானிய நிலங்களும் விளைச்சலில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. கம்பெனியார் வரி வாங்குவதில் காட்டிய சுறுசுறுப்பை ஏரிக்குச் செலவிடுவதில் காட்டவில்லை. மானியங்கள் சுருங்கின, வழக்கம் தளர்ந்தது, கரைகள் தேய்ந்தன. பிறகு 1858-ல் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. கரை உடையும் அபாயத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்துக்கு வராதவரிடம் அதன் செலவை வசூலிக்கவும் அது வழி செய்தது. காசுள்ளவன் தன் பங்குக்கு ஆளை அனுப்பலாம். அனுப்பப்பட்ட ஆள் யார் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. ஏரிகள் வற்றிய நாட்டில் கூலிக்காரன் முதலில் செத்தான். செத்தவர் போக எஞ்சியோரில் பலர் கப்பலேறினர். அப்போதும் அதன் பின்னும் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய ஜில்லாக்களிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்களின் சந்ததியே நம்மில் பெரும்பாலோர். நம் பாட்டன்மார் பெட்டியில் பொன் கொண்டுவரவில்லை. மண்வெட்டி பிடிக்கும் கையைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கை இங்கே என்ன செய்தது என்பதை இனிப் பார்ப்போம்.

ஜொகூரின் குழியும் பாரிட்டும்

தொடக்க காலத்து ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் இருக்கலாகாது என்பது துரைமாரின் கட்டளை. மரத்தடி முழுவதும் மொட்டைத் தரையாக வைக்கப்பட்டது. மலைச் சரிவில் பெய்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ஆற்றின் வயிறு மண்ணால் மேடாயிற்று. மேடான ஆறு சிறு மழைக்கும் கரை கடந்தது. நாளடைவில் தவறு புலப்பட்டது. சரிவுக்குக் குறுக்கே மண்ணணைகளும், மழைநீரையும் மண்ணையும் தேக்கும் குழிகளும் வெட்டப்பட்டன. மண்ணை மூடும் கொடிப்பயிர்களும் விதைக்கப்பட்டன. குழியில் தங்கிய நீர் மெல்லக் கசிந்து வேருக்குப் போயிற்று. மண் குழியிலேயே அடங்கியது. இன்று செம்பனைத் தோட்டங்களிலும் இத்தகைய குழிகளை வெட்டி, வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்குகிறோம். மேலூரும் கீழூரும் இல்லாத இடத்திலும் ஏரிச் சங்கிலியின் தத்துவம் ஒன்றே: நீர் விழுந்த இடத்திலேயே அதை நிறுத்து.

மேற்கு ஜொகூரில் வேறொரு பாடம் இருக்கிறது. பாரிட் ராஜா, பாரிட் சுலோங், பாரிட் ஜாவா என்று எத்தனை ஊர்களின் பெயர் பாரிட் என்று தொடங்குகின்றன! பாரிட் என்றால் வெட்டிய வாய்க்கால். சதுப்பு நிலத்தில் குடியேறிய ஜாவானியரும் பஞ்சாரியரும் மலாய்க்காரரும் முதலில் வெட்டியது வாய்க்கால். பிறகே வீடு கட்டினர். வாய்க்காலைக் கண்காணிக்க 'கெத்துவா பாரிட்' என்ற தலைவர் இருந்தார். கரையோரத்தார் கூடிச் சுத்தம் செய்தனர். கூட்டுழைப்பு தமிழனுக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதை இதிலிருந்து நாம் அடக்கத்தோடு கற்கலாம்.

ஆயினும் வடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கரிச்சதுப்பு நிலத்தில் நீரை முற்றும் வடித்துவிட்டால் நிலம் காய்ந்து, சிதைந்து, அமிழ்கிறது. மேற்கு ஜொகூரில் ஆராய்ந்தோர், வடித்துப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தரை ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் இறங்கி வந்ததைக் கண்டனர். ஒரு தலைமுறையில் அது முழங்கால் ஆழத்துக்கும் மேல். அமிழ்ந்த நிலத்தில் பிறகு பெய்யும் மழை வடியாது. வடிப்பதே அறிவென்று எண்ணியவர் தம் காலடி நிலத்தையே தாழ்த்திக்கொண்டனர்.

இந்நாட்டு அரசாங்கமும் இப்பாடத்தைக் கற்றுத் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. 1975-ல் வெளியான வடிகால் கையேடு மழைநீரை எவ்வளவு விரைவில் அகற்றலாம் என்பதையே நோக்கமாகக் கொண்டது. அதன்படி ஒவ்வொரு தாமானும் தன் நீரை அடுத்த தாமானுக்கு விரைந்தனுப்பியது. 2001 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கையேடு, நீரை அது விழுந்த இடத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும் என்று கூறுகிறது. இதற்கு முன்பே, 1998-ல் வறட்சியால் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தின் பின், கூரை மழைநீரைச் சேமிக்கும் வழிகாட்டி 1999-ல் வெளியிடப்பட்டது. அறிவு ஏட்டில் ஏறிவிட்டது. நம் கூரைக்கு இன்னும் ஏறவில்லை.

நம்மவர் செய்த பிழை

வைதிகரைக் குறை கூறுவதோடு நின்றால் நாம் நேர்மையுடையவராகோம். சீர்திருத்தக்காரரும் இவ்விஷயத்தில் பிழை செய்தனர். சென்னையில் மயிலாப்பூர் ஏரி, நுங்கம்பாக்கம் ஏரி என்று நெடுந்தூரம் நீண்டு கிடந்த நீர்நிலை ஒன்றிருந்தது. ஜஸ்டிஸ் கட்சியார் ஆட்சி புரிந்த 1920களில் அதனை வடித்துத் தூர்த்து ஒரு புதுநகரம் அமைக்கத் தொடங்கினர். நகரத்துக்குத் தியாகராயர் பெயரும், நடுவிலுள்ள பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயரும் சூட்டினர். வீடு வேண்டியவர்க்கு வீடு கிடைத்தது, அது நல்லதே. ஏரி போன பிறகும் மழை பழைய வழியை மறக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் ஏரியைப் பார்க்கும் தெரு என்று பொருள்படும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. 2015 டிசம்பரில் சென்னை முழுவதும் வெள்ளத்தில் தத்தளித்தது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரத்துத் தெருக்கள் மீண்டும் ஏரியாயின. நல்லெண்ணம் உடையவர் தூர்த்தாலும் தூர்த்த ஏரி தூர்த்த ஏரியே.

தமிழ்நாட்டு அரசு 2003-ல் அவசரச் சட்டம் இயற்றி, எல்லாக் கட்டடங்களும் மழைநீர் சேகரிப்பு அமைப்பு வைக்கவேண்டுமென்று கட்டாயப்படுத்தியது. சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்தது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி வைத்த குழாய்கள் பல, அதிகாரி வந்து பார்த்துப் போனதும் கவனிப்பாரற்றுத் தூர்ந்தன. 2019 கோடையில் அதே சென்னை குடிநீருக்குத் தவித்தது. 1858-ன் சட்டமும் 2003-ன் சட்டமும் ஒன்றையே கற்பிக்கின்றன. கட்டாயம் தொடங்கி வைக்கும், காத்து வைக்காது. தன்னுடையது என்ற உரிமை உணர்ச்சியுள்ளவனே ஆண்டுதோறும் தூர் எடுப்பான்.

ஒரு சிறு கணக்கு

இனி நம் தெருவுக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். தோட்டக் காரியாலயங்களில் நாள்தோறும் மழைமானியைப் பார்த்து எழுதுவோர்க்கு இது தெரிந்த கணக்கு. 80 சதுர மீட்டர் கூரையுள்ள வரிசை வீட்டின்மேல் 25 மில்லிமீட்டர் மழை பொழிந்தால் 2,000 லிட்டர். நூறு வீடுகளில் 2 இலட்சம் லிட்டர். இதெல்லாம் சில நிமிடங்களில் நாம் லோங்காங் என்று வழங்கும் வடிகாலில் விழுகிறது. வீட்டுக்கு 1,000 லிட்டர் தொட்டி ஒன்றிருந்தால் அதில் சரிபாதி தெருவுக்கு வராது.

100 மில்லிமீட்டர் மழை பெய்தால் நூறு கூரைகளின் நீர் 8 இலட்சம் லிட்டர். தொட்டிகள் எட்டில் ஒரு பங்கையே தாங்கும். ஆறு பெருகி வரும் வெள்ளத்தைத் தொட்டிகள் தடுக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். அது இராமர் காத்த கதைக்கு ஒப்பானதே. பெருமழைக்குத் திடல் உதவும். 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமுமுள்ள விளையாட்டுத் திடலை 20 சென்டிமீட்டர் தாழ்த்திக் கரை கட்டி, சிறு மதகு ஒன்று வைத்தால், 10 இலட்சம் லிட்டர் நீர் அங்கே சில மணி நேரம் நின்று மெல்ல வடியும். மறுநாள் மாலை பிள்ளைகள் அங்கே பந்தாடலாம். ஏரியின் கலிங்கும் மதகும் இங்கே சிறு உருவில் மறுபிறப்பு எடுக்கின்றன.

தொட்டியை நிறைத்தே வைத்திருந்தால் வெள்ளத்துக்குப் பயனில்லை என்பதையும் மறத்தலாகாது. நிறைந்த தொட்டியில் மேலும் நீர் கொள்ளாது. செடிக்கும், தரை கழுவவும், கழிவறைக்கும் நாள்தோறும் எடுத்துச் செலவிட வேண்டும். அல்லது அடியில் சிறு துளையிட்டு மழை நின்றபின் வடியவிட வேண்டும். வலையிட்டு மூடாத தொட்டி கொசுவை வளர்த்து டெங்கிக் காய்ச்சலைக் கொண்டுவரும். கூரையைக் கழுவிவரும் முதல் நீரை வெளியே விடவேண்டும். இவை எளிய வேலைகள். ஆனால் ஒருநாளும் விடாமல் செய்யவேண்டிய வேலைகள்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோர் ஜப்பானைப் பார்க்கலாம். தோக்கியோ நகரத்துச் சுமிடா என்ற தாழ்ந்த வட்டாரம் மழைதோறும் தெருவெள்ளத்தில் தவித்தது. 1985-ல் திறக்கப்பட்ட புதிய மல்யுத்த அரங்கத்தை அங்கே கட்டியபோது அதன் பெருங்கூரை நீரைத் தாங்க 10 இலட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டியை அடியில் அமைத்தனர். அத்தோடு நில்லாமல், குறுகிய சந்துகளில் அக்கம்பக்கத்தார் கூடி வீட்டுக் கூரைநீரை நிலத்தடித் தொட்டியில் சேர்த்துக் கைப்பம்பு வைத்தனர். 'ரோஜிசோன்' எனப்படும் அத்தொட்டிகள் செடிக்கும், தீப்பிடித்தால் தீயணைக்கவும் உதவுகின்றன. பயன் நாள்தோறும் கண்ணில் படுவதால் பராமரிப்பும் நடக்கிறது.

புதிய வாரியம்

நம்மிடம் கூரைக்குக் குறைவில்லை. கோயில் மண்டபங்களும், தமிழ்ப் பள்ளிகளும், சங்கக் கட்டடங்களும் வீட்டைப்போல் பன்மடங்கு பரந்த கூரையுடையவை. கோபுரத்துக்கு வர்ணம் தீட்ட நன்கொடை திரட்டும் திறமை நமக்குண்டு. அதில் ஒரு பகுதி கூரையடித் தொட்டிக்குச் செலவானால் எந்தத் தெய்வமும் கோபிக்காது. கோபிக்குமானால் அத்தெய்வத்தைப் பற்றி நாம் தனியே யோசிக்கவேண்டும். 'கோத்தோங் ரோயோங்' என்று அண்டை அயலார் கூடிச் செய்யும் பழக்கமும் இந்நாட்டில் இருக்கிறது. மேலூர் கீழூர் போல, ஒரு தாமானில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே வடிகாலில் பிணைக்கப்பட்டிருக்கிறோம். நீர் இனம் பார்த்து வீட்டில் நுழைவதில்லை.

குறைவது ஒன்றே: பொது என்ற சொல்லுக்கு முழுப்பொருள். இன்று நம் வடிகாலில் இறங்கிச் சேறு வாருபவர் யார்? வங்காளதேசத்தாரும், நேப்பாளத்தாரும், இந்தோனேசியரும். கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வந்த அவர்களுடைய கொங்சிகள் தாழ்ந்த நிலத்தில் இருக்கின்றன. வெள்ளம் முதலில் நுழைவது அங்கேதான். நேற்று நம் பாட்டன் நின்ற சேற்றில் இன்று அவர் நிற்கிறார். நாம் கரையேறிவிட்டோம் என்பதற்காகக் கீழே நிற்பவரைப் பார்த்து மூக்கைப் பிடித்தால், மகாட்டில் குளத்தைச் 'சுத்தி' செய்தவருக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

ஆகவே தாமானிலும் தோட்டத்திலும் ஏரி வாரியங்கள் மீண்டும் அமையட்டும். உத்தரமேரூரிலிருந்து ஓராண்டுப் பதவியையும் கணக்குக் காட்டும் கண்டிப்பையும் எடுத்துக்கொள்வோம்; நிலமும் மனையும் வேதமும் கேட்ட வாயிற்படியை இடித்தெறிவோம். வாடகைக்கு இருப்பவர் பெயரும் குடத்தில் விழவேண்டும். குடம் சுமந்தே முதுகு வளைந்த பெண்கள் பெயர் முதலில் விழவேண்டும். வடிகாலில் இறங்குபவருக்கு அதைப்பற்றிப் பேசவும் உரிமை வேண்டும். எங்கே அடைத்திருக்கிறதென்று அவருக்கே தெரியும். தீபாவளி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டாக்டரும் கிராணியும் காண்டிராக்டரும் கூலியாளும் ஒரே வடிகாலில் இறங்கிச் சேறெடுக்கட்டும். ஆளை அனுப்பும் வழக்கம் 1858-ன் சட்டத்தோடு ஒழியட்டும்.

மதுராந்தகத்துக் கரை அந்த இரவில் உடையாமல் நின்றது, அதற்கு முந்திய கோடையில் அதைக் கெட்டியாகக் கட்டியவர் இருந்ததால். துரையின் பெயரைக் கல் சொல்லுகிறது. இராமர் பெயரைக் கோயில் சொல்லுகிறது. மண் சுமந்தவர் பெயரைச் சொல்ல எழுத்தில்லை. அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நாம் கடல் கடந்து வந்து நூறாண்டு கழிந்தும் வெள்ளம் வந்தால் கட்டிலின்மேல் ஏறி நின்று வில்லேந்திய வீரரை எதிர்பார்ப்பது அறிவுடைமை ஆகாது. ஏரி காத்த கை நம்முடையது. அது அடுத்த மழைக்கு முன் வேலைக்கு வரட்டும்.